நாற்காலிக்குச் செருப்பு

"உங்க நாற்காலிக்குச் செருப்பு வேணுமாங்க?"

மாடி வீட்டு டீச்சர் கதவைப் பாதி திறந்தபடி வாசலில் நின்றவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னது?"

வந்தவர் தன் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். பழைய சைக்கிள் டியூபை வெட்டி, அடியில் தடித்த கம்பளித் துணி ஒட்டிய நாலு குட்டி உறைகள்.

"நாற்காலிக் காலுல மாட்டிட்டீங்கன்னா, இழுக்கும்போது கீழ் வீட்டுக்குச் சத்தமே கேட்காது. நானே செஞ்சது."

"கீழ் வீட்டுல இருக்கறது நீங்கதானே?"

"ஆமாங்க."

"அப்ப நாங்க சத்தம் போடறோம்னு சொல்ல வந்திருக்கீங்க."

"ஐயோ, அப்படி இல்லீங்க..."

"எங்க வீட்டுல யாரும் நாற்காலியை இழுக்கறதே இல்ல!"

கதவு படீரென்று சாத்திக்கொண்டது. உள்ளே யாரோ கர்ரென்று ஒரு நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது.

அவருக்குக் கிடங்கில் இரவு வேலை. ஊர் விழிக்கும்போது படுப்பார், ஊர் அடங்கும்போது கிளம்புவார். கட்டிடத்தில் அவருக்கு ஆந்தை என்றே பெயர். தலைக்கு மேல் நாற்காலி இழுபடும்போதெல்லாம் விழித்து விழித்து, ஒருநாள் ஆத்திரத்தில் எழுந்து கத்தரிக்கோலை எடுத்ததில் பிறந்ததுதான் இந்தச் செருப்பு.

இதையே தொழிலாக்கிவிட்டால் இரவு வேலைக்கு முழுக்குப் போட்டுவிடலாம். ஆனால் கிடங்கில் புது ஒப்பந்தத்தை நீட்டியிருந்தார்கள். திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டால், இன்னும் மூன்று வருடத்துக்கு ஆந்தைதான். திங்கட்கிழமைக்குள் ஒரே ஒரு வீட்டிலாவது விற்றுவிட்டால் கையெழுத்துப் போடுவதில்லை என்று மனைவியிடம் சொல்லியிருந்தார்.

"என்னாச்சு?" என்றாள் மனைவி, அவர் முகத்தைப் பார்த்ததுமே சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"எல்லா மாடியிலயும் ஏறி இறங்கிட்டேன். எல்லாருக்கும் ஒரே பதில். எங்க வீட்டுல யாரும் இழுக்கறதில்லையாம். அப்ப யாரு இழுக்கறா, காத்தா?"

"பகல்ல தூங்கறவர் நீங்க ஒருத்தர். உங்க தூக்கத்துக்காக நீங்க கடை போட்டா, வாங்கறதும் நீங்க ஒருத்தர்தான்."

அந்த வார்த்தை அவருக்குச் சுருக்கென்று தைத்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

தொழில் தொடங்குபவர்கள் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகினால் தன்னம்பிக்கை வளரும் என்று செல்போனில் யாரோ சொன்னதைக் கேட்டிருந்தார். மறுநாள் வேலையிலிருந்து வந்ததும் கண்ணாடி முன் போய் நின்றார்.

"என் பொருள் நல்ல பொருள். இது எல்லாருக்கும் தேவை."

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க," என்றாள் மனைவி சமையலறையிலிருந்து. "கண்ணாடியே நம்பாத மாதிரி பார்க்குது."

அவர் போய்ப் படுத்துக்கொண்டார்.

கண் விழித்தபோது சாயங்காலம். ஒருமுறைகூட விழிப்புத் தட்டவில்லை. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். மேலே ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை.

"போச்சு," என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "சத்தமே நின்னுபோச்சு. இனிமே யாரு வாங்குவா?"

"தூங்க முடியலைன்னு அழுதவங்களைப் பார்த்திருக்கேன். நல்லாத் தூங்கிட்டேன்னு அழறவரை இப்பத்தான் பார்க்கறேன்."

"உனக்குப் புரியலை. வேற எவனோ செஞ்சு வித்துட்டான்! நம்ம யோசனையைத் திருடிட்டான்!"

"அடடா. திருடற அளவுக்குப் பெரிய யோசனைன்னு இப்பவாவது நம்பிக்கை வந்துச்சே."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். விடிந்தால் கையெழுத்து. சட்டையை மாட்டிக்கொண்டு, பையையும் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். யார் அந்தத் திருடன் என்றாவது தெரிய வேண்டும்.

டீச்சர் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது.

கூடத்தில் குடும்பமே தரையில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. சாப்பாட்டு மேசை சுவரோரம் ஒதுங்கியிருந்தது. அதன்மேல் ஆறு நாற்காலிகளும் கால்கள் வானத்தைப் பார்க்கக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒரு காலிலும் உறை இல்லை.

அவரைப் பார்த்ததும் டீச்சருக்கு முகம் என்னவோ போலாகிவிட்டது.

"ஏங்க, எல்லாரும் கீழே..." என்று இழுத்தார் அவர்.

டீச்சர் வீட்டுக்காரர் ஒரு கையால் முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னார்: "எல்லாம் உங்களால வந்தது சார். அன்னைக்குச் செவந்த கண்ணோட வாசல்ல வந்து நின்னீங்களாம். பாவம் மனுஷன் தூங்கியே பல நாளாச்சு போலன்னு சொல்லி, இவங்க நாற்காலியை எல்லாம் தூக்கி வெச்சுட்டாங்க. எங்களை உட்காரவே விடறதில்ல."

அவர் டீச்சர் பக்கம் திரும்பினார். சுதாரித்துக்கொண்டு கேட்டார்:

"அதுக்கு ஒரு செட் வாங்கி மாட்டியிருக்கலாமே டீச்சர்?"

"எப்படிங்க வாங்கறது?" என்றார் டீச்சர், தட்டைப் பார்த்தபடியே. "வாங்கினா, இத்தனை நாளா உங்களைத் தூங்கவிடாம பண்ணது நாங்கதான்னு ஆயிடுமே!"

அவர் பையைப் பார்த்தார். நாற்காலிகளைப் பார்த்தார். பிறகு குனிந்து, வழவழவென்றிருந்த தரையை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"டீச்சர், நல்ல தரையா இருக்கு. நாற்காலிக் கால் பட்டா கீறல் விழும். இந்த உறையை மாட்டினா தரை பத்திரமா இருக்கும். சத்தத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க."

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா? ஆறு நாற்காலிக்கும் குடுங்க!"

முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, முதல் நாற்காலியை இறக்கிய டீச்சர் வீட்டுக்காரர் சொன்னார்:

"சார், அப்படியே மத்த வீடுங்களுக்கும் சீக்கிரம் போய் இதையே சொல்லுங்க. அன்னைக்கு நீங்க கதவைத் தட்டின எல்லா வீட்டுலயும் தரையிலதான் உட்கார்ந்திருக்காங்க!"