துடைத்த நாற்காலி

"முதல்ல அந்த நாற்காலியைத் துடைங்க. அப்புறம்தான் உட்காருவேன்."

"இப்பத்தானேம்மா துடைச்சேன்," என்றாள் நர்ஸ்.

"என் கண்ணு முன்னாடி துடைங்க."

துடைத்த பிறகும், பல்வலியோடு வந்திருந்த தையல்காரிக்கு நம்பிக்கை வரவில்லை. பையிலிருந்து லைனிங் துணி ஒன்றை உருவி, நாற்காலிமேல் விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இடது கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. வருகிறவர்கள் எல்லாம் வாயைத் திறந்து வைத்திருக்கும் பல் ஆஸ்பத்திரி, கிருமிக்குக் கொண்டாட்டம்தானே என்பது அவள் கட்சி. அதனால் உப்புத் தண்ணீரும் வலி மாத்திரையுமாக வாரக்கணக்கில் ஓட்டிவிட்டாள். வலி தாங்காமல் அவள் சுவரில் முட்டிக்கொண்டதைப் பார்த்த பிறகுதான் கணவன் வம்படியாக அழைத்து வந்தான். இப்போது வாசலில் நிற்கிறான்.

"காய்ச்சல், இருமல் ஏதாவது இருக்காம்மா?" தலை முதல் கால் வரை பிளாஸ்டிக் அங்கி மாட்டியிருந்த டாக்டர் கேட்டார்.

"எனக்கு ஒண்ணுமில்ல. உங்களுக்கு இருக்கா? இந்த நர்ஸம்மாவுக்கு?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டு பேரும் நேத்துதான் கொரோனா டெஸ்ட் எடுத்தோம். ஒண்ணுமில்ல."

"சிரிக்காதீங்க டாக்டர். வீட்ல என் மாமனாருக்கு நுரையீரல் பாதிதான் வேலை செய்யுது. இங்கேருந்து நான் எதையாவது ஒட்டிக்கிட்டுப் போனா மனுஷன் தாங்க மாட்டார். பெத்த பொண்ணாட்டம் என்னை வெச்சிருக்கார்."

டாக்டர் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, மரத்துப்போக ஊசி போட்டார்.

வாயைப் பிளந்து வைத்துக்கொண்டு கிருமிக்குப் பயப்படுவது லேசான காரியமில்லை. முகக்கவசத்தைக் கழற்றிய நேரத்திலிருந்தே மூச்சை அடக்கி அடக்கி விட்டாள். துளைக்கும் மெஷின் ஒருவழியாக நின்றது.

மருந்து வைக்க நர்ஸ் எடுத்த கிராம்புத் தைல பாட்டில், கை நழுவி நாற்காலியின் அடியிலேயே விழுந்து நொறுங்கியது.

"ஐயோ, மண்டைக்கு ஏறுதே!" நர்ஸ் இரண்டு முகக்கவசத்துக்கு மேல் கையையும் வைத்துப் பொத்திக்கொண்டாள். டாக்டர் ஓடிப்போய் ஜன்னலை அகலத் திறந்தார்.

தையல்காரி குனிந்து பார்த்தாள். "என்னத்த ஏறுது? தண்ணிதானே கொட்டுச்சு?"

ஜன்னல் கொக்கியில் வைத்த கையை எடுக்காமல் டாக்டர் திரும்பினார்.

"அம்மா... உங்களுக்கு ஒரு வாசனையும் வரலையா?"

"என்ன வாசனை?"

நர்ஸ் ஓரடி பின்னால் நகர்ந்தாள். டாக்டர் மெதுவாகக் கேட்டார்: "இன்னைக்குக் காலையில உங்க மாமனாருக்குச் சாப்பாடு குடுத்தது யாரு?"

"நான்தான். பக்கத்துல உட்கார்ந்து ஊட்டி விட்டுட்டுத்தான்..." என்றவள், சொல்லி முடிக்குமுன் இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.