தண்ணீர்க் குளிசை

"பொய் சொல்லாதேங்கோ அத்தான். டொக்ரருக்கு உண்மையைச் சொல்லுங்கோ."

இக்னேசியஸ் மருந்துப் போத்தலை மேசையில் கவிழ்த்தான். போன முறை கொடுத்த குளிசைகள் ஏறக்குறைய அப்படியே உருண்டு கிடந்தன. அவனுடைய அக்காவின் கணவர் யேசுரட்ணம் தலையைக் குனிந்துகொண்டார்.

"சப்பாத்துக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தவர், டொக்ரர். அக்காதான் கண்டுபிடிச்சவ."

டொக்டர் சுபாங்கி குனிந்து யேசுரட்ணத்தின் கணுக்காலைப் பெருவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் அழுந்திய குழி நிரம்பவில்லை.

"இது தண்ணி, அங்கிள்." மோர்னிங்சைட் வீதியில் இருக்கும் அந்தக் கிளினிக்கில், எதையும் விளக்காமல் யாரையும் அவர் அனுப்புவதில்லை. "இருதயம் ஒரு பம்ப். அது களைச்சுப்போனால் தண்ணி தேங்கும். முதல் காலில, பிறகு நெஞ்சில. உந்தத் தண்ணியை வெளியில விடு எண்டு இந்தக் குளிசை சிறுநீரகத்துக்குச் சொல்லும். அவ்வளவுதான் அதின்ர வேலை. நீங்கள் போடாட்டில், ஒருநாள் படுத்த இடத்திலயே மூச்சு நிண்டுபோகும்."

"கேட்டீங்களோ?" என்றான் இக்னேசியஸ். "இவர் மூச்சு விடுறாரோ எண்டு அக்கா இரவிரவா முழிச்சிருந்து பாக்கிறா. சின்னப்பிள்ளையைவிட மோசம். நாளையில இருந்து நானே வாயில போட்டுத் தண்ணி பருக்கிறன்."

அவனுடைய போன் அதிர்ந்தது. "இஞ்சை, நான் பின்னேரம் வந்து பாக்கிறன். அதுவரைக்கும் ஒருத்தரையும் இடத்தைவிட்டு அசைய விடாதேங்கோ," என்று சொல்லி வைத்துவிட்டான்.

"தலை சுத்துதா அங்கிள்? வயித்துக்கு ஒத்துவரேல்லையா?"

"இல்லை."

"மறந்துபோறீங்களா?"

"இல்லை."

"பின்னை?"

யேசுரட்ணம் சுவரைப் பார்த்தார். "வேலை, டொக்ரர். பிறம்ரனில வெயர்ஹவுஸ். பெட்டி அடுக்கிறது."

"அதுக்கும் குளிசைக்கும் என்ன?"

"போட்டால் காலமை முழுக்க வாஷ்றூமுக்கு ஓடவேணும்." அவருடைய குரல் இறங்கியது. "அது கட்டடத்தின்ர அந்தக் கடைசித் தொங்கலில இருக்கு. போயிட்டு வாறதுக்கிடையில, நான் சும்மா நிக்கிறன் எண்டு கையில இருக்கிற ஸ்கானர் காட்டிக் குடுத்திடும். உடன சுப்பவைசர் வந்து எல்லாருக்கும் முன்னால கேப்பார், இன்னொருக்காவோ எண்டு. சின்னப் பெடி பெட்டையள் எல்லாம் சிரிக்குங்கள்."

"வேலையால வந்து போடலாமே?"

"போட்டுப் பாத்தன். இரவு முழுக்க எழும்பினதால, அடுத்த நாள் நித்திரை தூங்கிப் பெட்டியைக் காலில போட்டன்." அவர் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். "ஒருநாள் அடக்கிப் பாத்தன், டொக்ரர். ஏலேல்லை. காற்சட்டை நனைஞ்சுபோச்சு. தண்ணிப் போத்தல் ஊத்துப்பட்டிட்டுது எண்டு சொல்லிச் சமாளிச்சன். அண்டையில இருந்துதான் போடுறேல்லை."

அவ்வளவு நேரமும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த இக்னேசியஸ், மேசையில் கிடந்த குளிசைகளைப் பொறுக்கிப் போத்தலுக்குள் போடத் தொடங்கினான்.

சுபாங்கிக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன மனுசன் அந்த சுப்பவைசர்? வருத்தக்காரனை வாஷ்றூமுக்கு விடாமல் வேலை வாங்கிறதோ?"

"அவரில பிழையில்லை, டொக்ரர். மேல இருக்கிறவை அவரையும் நெருக்குவினம். எனக்கு மட்டும் விட்டுக்குடுத்தால் மற்றவங்கள் கதைப்பாங்கள்."

"ஆர் கதைச்சாலும் பரவாயில்லை. இவரை நினைச்ச நேரம் போக விடவேணும், இது உயிர்ப் பிரச்சினை எண்டு நான் எழுதித் தாறன். கொம்பனிக்கு இல்லை, அந்தாளுக்கே நேராய் எழுதுறன். வாசிச்சு வெக்கப்படட்டும். பேரைச் சொல்லுங்கோ."

"பேர்..." யேசுரட்ணம் தன் முழங்காலைத் தடவினார். "ஞாபகம் வரேல்லை, டொக்ரர்."

"ஒவ்வொரு நாளும் உங்களை வந்து கேக்கிறவரின்ர பேர் தெரியாதோ? பயப்பிடாதேங்கோ, அங்கிள்."

"உண்மையா வரேல்லை."

சுபாங்கி கணினியில் விரல்களை வைத்தபடி காத்திருந்தார். இக்னேசியஸின் கையிலிருந்து ஒரு குளிசை நழுவித் தரையில் விழுந்து உருண்டது. அவன் அதை எடுக்கவில்லை. அத்தானின் பக்கம் திரும்பவும் இல்லை.

"என்ர பேரை எழுதுங்கோ, டொக்ரர்," என்றான் இக்னேசியஸ்.