லேடீஸ் பேட்ச்

"சார், நீங்க எழுந்து வெளிய போங்க" என்றாள் துர்காதேவி.

ஜான்சன் எழுந்திருக்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

காந்தி ரோட்டில் பட்டுப் புடவைக் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்தது அந்தக் கம்ப்யூட்டர் சென்டர். அறை முழுக்க இளம்பெண்கள். கடைசி வரிசையில் மகள் ஏஞ்சலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அவர் ஒருவர்தான் ஆண்.

"காலம் கெட்டுக் கெடக்குது மேடம். வயசுப் பொண்ணத் தனியா விட்டுட்டுப் போவ மனசு வரல."

பொய். வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து இதே பொய்தான்.

"இங்க யாரும் உங்க பொண்ணத் தூக்கிக்கினு போயிட மாட்டாங்க. ஒரு ஆம்பள பின்னாடி உக்காந்து பாத்துக்கினே இருந்தா மத்த பொண்ணுங்களுக்குச் சங்கடமா இருக்குது."

அவர் பார்த்ததெல்லாம் கம்ப்யூட்டர் திரையைத்தான். அதை எந்த வாயால் சொல்வது?

எல்லாப் பெண்களும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். பெற்ற பெண்ணை நம்பாத மனிதனைப் பார்க்கிற பார்வை. ஏஞ்சல் மட்டும் திரும்பவில்லை.

ஜான்சன் எழுந்து வெளியே வந்தார். கண்ணாடிக் கதவு அவருக்குப் பின்னால் மூடிக்கொண்டது.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு பட்டு நூல் கிடங்கில் அவருக்கு வேலை. சரக்கு வருவதும் போவதும் அவர் பொறுப்பு. போன மாதம் முதலாளியின் மகன் அங்கே ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தான். இனிமேல் எல்லாம் எக்செல்லில் என்றான். கற்றுக்கொள்கிறேன் என்றார் ஜான்சன்.

அவன் சிரித்தான். "இது பொறுமையா உக்காந்து தட்டுற வேலைண்ணே. பொண்ணுங்களுக்குத்தான் வரும். ஒரு பொண்ண வெச்சுக்கலாம். நீங்க கேட்டுல செக்யூரிட்டியா இருந்துக்கங்க."

கெஞ்சிக் கூத்தாடி இந்தத் திங்கட்கிழமை வரை தவணை வாங்கியிருந்தார். வந்த சரக்கையும் போன சரக்கையும் ஒப்பிட்டு, எங்கே குறைகிறது என்று அவன் கண்ணெதிரே கம்ப்யூட்டரில் காட்ட வேண்டும்.

அதற்கான பாடம் இன்றைக்குத்தான். நாளை ஞாயிறு.

இந்தச் சென்டரில் முதலில் அவர்தான் சேர வந்தார். வரவேற்பில் இருந்த பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஜென்ட்ஸுக்குக் கேம் டிசைன் இருக்குது சார். எக்செல் லேடீஸ் பேட்ச் மட்டும்தான். வீட்டுல பொண்ணு இருந்தா அனுப்பி வைங்க."

அப்படித்தான் ஏஞ்சலைச் சேர்த்தார். ஏனாத்தூரில் காலேஜ் படிக்கிற பெண், வீட்டுக்கு வந்தால் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரில் ஆட்களைச் சுட்டுக்கொண்டிருப்பாள். "பொம்பளப் புள்ளைக்குத் துப்பாக்கி எதுக்கு? உருப்படியா எக்செல் கத்துக்கோ" என்று அதட்டினார். சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தார். சரிப்பா என்று சொல்லிவிட்டாள்.

இப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் துர்காதேவியின் வாய் அசைந்தது. ஒரு சொல்லும் கேட்கவில்லை. போர்டில் எழுதுவதை அவள் முதுகு மறைத்தது. ஜான்சன் கதவில் காதை வைத்துப் பார்த்தார். கீழே கடைக்காரப் பையன்கள் பஸ்ஸில் வந்து இறங்கியவர்களைக் கூவி அழைக்கிற சத்தம்தான் வந்தது.

இவ்வளவு காலம் தன் கையிலிருந்து நூல் வாங்கிப்போன நெசவாளிகளுக்கு, யூனிபாரம் மாட்டிக்கொண்டு கேட்டைத் திறந்துவிட வேண்டும்.

உள்ளே போய் உண்மையைச் சொல்லிக் காலில் விழுந்துவிடலாமா என்று கதவில் கை வைத்தார். கை அங்கேயே நின்றுவிட்டது.

கதவு உள்ளிருந்து திறந்தது.

"அப்பா இல்லாட்டிப் பயமா இருக்குதுன்னு உங்க பொண்ணு அழுவுது சார்" என்றாள் துர்காதேவி. குரலில் வெறுப்பு அப்பட்டமாகத் தெரிந்தது. "இன்னிக்கு மட்டும். பக்கத்துலயே உக்காருங்க."

ஏஞ்சல் அழுதாளா? நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார். கண்ணில் ஈரமே இல்லை.

பிறகு திரையைப் பார்த்தார்.

வந்த சரக்கு, போன சரக்கு. குறைந்த இடமெல்லாம் சிவப்பாக நின்றது. துர்காதேவி போர்டில் இன்னும் முதல் வரியைக்கூட முடித்திருக்கவில்லை.

"யாரு போட்டது?"

"நான்தான். எங்க கேம் டீமுக்கு ஸ்கோர் ஷீட்டெல்லாம் நான்தாம்பா போடறேன். ஸ்கூல் படிக்கிறப்பவே தெரியும்."

"அப்ப நீ எதுக்கு இங்க..."

ஏஞ்சல் போட்டதையெல்லாம் அழித்தாள். திரை வெறும் கட்டங்களாக வெளுத்தது. கீபோர்டைச் சத்தமில்லாமல் அவர் பக்கம் தள்ளினாள்.

"நீ அடிப்பா. திங்கக்கெழமைக்குள்ள வந்துரும்."

திங்கட்கிழமையைப் பற்றி வீட்டில் யாரிடமும் அவர் மூச்சு விட்டதில்லை.

"நீ தூக்கத்துல பேசறப்பா" என்றாள், திரையைப் பார்த்தபடியே.

ஜான்சன் ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினார். பாதி வரியில் ஏதோ பிசகித் திரையில் தப்பு என்று வந்தது. அதற்குள் துர்காதேவி வரிசைக்குள் வந்துவிட்டாள். ஏஞ்சல் கீபோர்டைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"என்னம்மா இது? பொண்ணுங்களுக்கு இது தன்னால வரும். உனக்கு மட்டும் ஏன் ஏறவே மாட்டேங்குது? உன்னால முழு கிளாஸும் நிக்குது."

முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"சாரி மேடம். எனக்கு இது சுத்தமா புரியல. முதல்லேர்ந்து ஒரு தடவ சொல்லுங்க."

ஜான்சனால் தாங்க முடியவில்லை. "மேடம், தப்பு அவளுது இல்ல..." என்று வாயெடுத்தார்.

மேசைக்கடியில் ஏஞ்சல் அவர் காலை அழுத்தி மிதித்தாள்.