சகலையின் நீலக் கதவு

உங்கள் தலை படத்தில் விழுகிறது, கொஞ்சம் நகருங்கள் என்று காலையிலிருந்து வந்த ஒவ்வொரு கோஷ்டியும் சொல்லிவிட்டது.

தன் கடை வாசலில், தன் முக்காலியில், தன் தலையோடு உட்கார்ந்திருப்பது ஒரு குற்றமா என்று பூட்டுக்கடைக்காரருக்கு வயிறு எரிந்தது.

எல்லாம் பக்கத்துக் கடைக் கதவைப் பார்க்க வருகிற கூட்டம். சகலையின் சலவைக்கடை அது. பெயிண்ட் உரிந்த நீல இரும்புக் கதவு. ஏதோ விண்வெளித் தொடரில் தளபதி அதைத் திறந்துதான் வேற்றுகிரகத்துக்குப் போவாராம்.

திறந்தால் உள்ளே சகலை பேண்ட்டுக்கு மடிப்பு எடுத்துக்கொண்டிருப்பார். அதையும் விடாமல் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

எரிச்சலில் எண்ணெய் ஊற்ற இன்னொரு விஷயமும் இருந்தது. அந்தக் கதவு இவருடையது.

இவருடையதாக இருந்தது. ஒருமுறை சரக்கெடுத்துவிட்டு வந்து பெட்டியைக்கூட இறக்கவில்லை, சகலை வந்து நின்றார், அந்தப் பழைய கதவைக் கொடுத்துவிடுங்களேன் என்று. இவர் வாய்க்கு வந்த விலையைச் சொன்னார். செருப்புத் தைக்கிறவரிடம் ஆணிக்கு ஆணி பேரம் பேசுகிற மனிதர், அன்று மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். அந்தக் காசில் இவர் பளபளவென்று ஷட்டர் போட்டுக்கொண்டார்.

துருப்பிடித்த கதவைச் சகலை தலையில் கட்டிய கதையை, சொந்தபந்தம் கூடுகிற இடத்தில் சொல்லாமல் இவர் எழுந்ததே இல்லை. கேட்டவர்கள் சிரிப்பார்கள். சகலையும் சிரிப்பார், எல்லோரையும்விடக் கொஞ்சம் அதிகமாகவே.

தன்னிடம் இருந்தவரை மழைக்கு முனகிக்கொண்டு கிடந்த கதவு, அவர் வாசலுக்குப் போனதும் நட்சத்திரங்களுக்குத் திறக்கிறது. அதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. போதாததற்கு, தங்கச்சி வீட்டுக்காரருக்குக் கைராசி என்று மனைவி வேறு ஆரம்பித்துவிட்டாள். இப்போதும் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு காதை வாசலில் வைத்திருக்கிறாள்.

கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி மட்டும் இவரை நகரச் சொல்லவில்லை.

தொடரின் காட்சி ஒன்றைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்திருந்தாள். சலவைக்கடைக்கு நேரே அதை உயர்த்திப் பிடித்து முகம் சுளித்தாள். தள்ளிப் போய்ப் பார்த்தாள். பூட்டுக்கடைக்கு நேரே வந்து பிடித்தபோது சுளிப்பு போய்விட்டது.

"அங்கிள், கதவு அதேதான். ஆனா படத்துல இருக்கிற படியும் குழாயும் உங்க கடையிலதானே இருக்கு. அப்போ ஷூட்டிங் நடந்தது இங்கயா?"

இவர் படத்தை வாங்கிப் பார்த்தார்.

தளபதி நீலக் கதவைத் தள்ளிக்கொண்டிருந்தார். அவர் பூட்ஸுக்குக் கீழே மூலை உடைந்த படி. பக்கத்தில் வளைந்த மழைநீர்க் குழாய். லாரி இடித்து வளைந்தது. லாரிக்காரனிடம் தொண்டை கட்டும் வரை சண்டை போட்டவர் இவர்தான்.

நீங்கள் சரக்கெடுக்கப் போயிருந்தபோது ஒருநாள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள் என்று சகலை சொல்லியிருக்கிறார். எந்தத் தடவை என்று இவர் கேட்டதில்லை. ஊருக்கெல்லாம் பூட்டு விற்கிறவர், வெளியூர் போகும்போது கடைச் சாவியைச் சகலையிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார்.

அந்த மறுபேச்சில்லாத தலையாட்டல் இப்போதுதான் இவருக்கு விளங்கியது.

பக்கத்துக் கடையில் இஸ்திரிப் பெட்டியின் சீறல் நின்றிருந்தது. கல்லாவில் மனைவியும் அசையவில்லை.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மொத்தக் கூட்டமும் இந்தப் பக்கம் திரும்பும். படி, குழாய், முக்காலி, தலை எல்லாம் படத்தில் விழும். திரும்பிய கையோடு மனைவியும் கேட்பாள், அப்படியானால் அன்றைக்கு யார் தலையில் யார் கட்டியது என்று. அடுத்த விசேஷத்தில் கதையைச் சகலை சொல்லுவார். இவர் உட்கார்ந்து சிரிக்க வேண்டியிருக்கும்.

"இல்லம்மா, எடுத்தது அங்கதான்" என்றார். "படி, குழாயெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டிருப்பாங்க."

அந்தப் பெண் படத்தையும் குழாயையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு பெரியவர் பேச்சை நம்பிச் சலவைக்கடைப் பக்கம் போனாள்.

சீறல் மறுபடி கேட்கவில்லை. சகலையே வெளியே வந்தார். கையைத் துடைத்துக்கொண்டு, ரொம்பப் பணிவாகக் குனிந்தார்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க சகலை. பாப்பா படம் எடுக்கணுமாம், உங்க தலை விழுது."

பூட்டுக்கடைக்காரர் முக்காலியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக, பேரம் பேசாமல்.