உடையாத வரம்

தை பிறந்துவிட்டது. மழை ஓய்ந்த பினாங்கின் விடியலில் குன்றுகள் வெண்பனியை நீறாகப் பூசி மோனத்தில் அமர்ந்திருந்தன. கடலும் தன் குரலைத் தாழ்த்திக்கொண்டது. கெலுகோர் அடுக்குமாடிகளில் வீட்டுக்கு வீடு விரத விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மோகனராஜ் பூசையறையில் கண்மூடி நின்றார். "தண்ணீர்மலை வேலவா! என் மகள் செய்த பொருள் உடையாமல் காத்தருள்வாய்." இந்தத் தையில் அவர் வேறெதுவும் கேட்கவில்லை.

மகள் அதிரா மாக் மண்டின் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் இயந்திர வடிவமைப்புப் பொறியாளராகச் சேர்ந்திருந்தாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மூட்டைகளைச் சுமந்து ஓடும் பெல்ட்டுக்கு விரல் நீளத்தில் ஓர் இரும்புப் பின். அவள் தனியாக வரைந்த முதல் பொருள் அது.

முந்தின நாள் மாலை வாடிய முகத்தோடு வந்து பையைப் போட்டாள்.

"டெஸ்ட்ல மறுபடியும் ஃபெயில்பா. நாளைக்குத்தான் கடைசி சான்ஸ். அதுவும் போச்சுன்னா கன்ஃபர்ம் பண்ண மாட்டாங்க."

"உன் பாஸ் ஹனீபா என்னதான் சொல்றாரு?"

"பின்னை இன்னும் மெலிசா கடையச் சொல்றாரு." சொல்லிக்கொண்டே குளியலறைக்குள் போய்விட்டாள்.

"மெலிசாவா? தடியா இருந்ததே தாங்கல. மெலிசு எப்படி லா தாங்கும்?" என்று மோகனராஜ் மனைவியிடம் பொருமினார்.

"பாட்டு நூறு தெரியும், ஒரு ஆணி அடிக்கத் தெரியாது. நீங்க வந்துட்டீங்க பின்னைப் பத்திப் பேச!" என்றாள் ரமணி.

மோகனராஜ் அன்றிரவு பாலும் பழமும்கூட வேண்டாமென்று தள்ளிவிட்டார். இன்று விடியுமுன்பே எழுந்து, பதிகங்களை ஒன்று விடாமல் பாடி, அதே விண்ணப்பத்தை உருக்கமாக வைத்தார். வெளியே வந்தபோது அதிரா வாசலில் காலணி மாட்டிக்கொண்டிருந்தாள்.

"கலங்காதம்மா. தை பொறந்ததுலேர்ந்து முருகன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். எம்மக செஞ்ச பின்னு எதுக்கும் உடையக் கூடாதுன்னு."

காலணி கையிலேயே நின்றது.

"ஐயோ அப்பா! அது உடையணும்பா! பெல்ட் எங்கயாச்சும் சிக்கிக்கிட்டா, பின்னு உடைஞ்சு மோட்டாரைக் காப்பாத்தணும். அதுக்குத்தான் அதைப் போடுறதே. என்னோடது உடையாம நின்னு ரெண்டு மோட்டார் கருகிப் போச்சு!"

சமையலறையில் ரமணி வாய்விட்டுச் சிரித்தாள். "இத்தனை வருஷமா நீங்க கேட்டது எதையும் அவரு காதுல வாங்கல. இதை மட்டும் எவ்ளோ கரெக்டா செஞ்சிருக்காரு பாருங்க!"

மோகனராஜ் பூசையறைக்குத் திரும்பினார். புதிதாக ஒரு கற்பூரத்தை ஏற்றி, இரு கன்னத்திலும் போட்டுக்கொண்டு, அது முற்றும் கரையும்வரை உதடுகள் மட்டும் அசைய நின்றார்.

பிறகு வாசலுக்கு வந்து, மகளின் நெற்றியில் நீறிட்டார்.

"போயிட்டு வாம்மா. நல்லபடியா உடையும்."