அப்பா ரூமுக்கு ஏ.சி.

டமார் என்று சுவரில் கடப்பாரை இறங்கியது. கட்டிலில் கண்ணயர்ந்திருந்த பாக்கியநாதன் பதறி விழித்தார். ஜன்னலுக்குக் கீழே செங்கல் பெயர்ந்து, அறை முழுவதும் தூள் பறந்தது.

உடனே இருமல் பிடித்துக்கொண்டது. பொன்மலை ரயில்வே பட்டறையில் கொதிகலன் பக்கமே காலம் தள்ளிய நெஞ்சு. வெயில் ஏறினால் மூச்சு இழுக்கும். போன வருஷமே பிழைத்தது பெரிய காரியம், இன்னொரு கோடையை இந்த உடம்பு வெக்கையில் தாங்காது என்று டாக்டர் மகனிடம் நேராகவே சொல்லியிருந்தார். இப்போது கால்களும் வரவில்லை. ஒன்றுக்குப் போகக்கூட ஆள் பிடிக்க வேண்டும்.

மகன் செபஸ்தியான் கதவருகே நின்று எட்டிப் பார்த்தான்.

"கொஞ்சம் பொறுத்துக்குங்கப்பா. இந்த ரூமுக்கு ஏ.சி. வருது."

பாக்கியநாதனுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. பாலக்கரையில் அவர்கள் தெருவில் ஒரு வீட்டில்கூட ஏ.சி. கிடையாது. அதிலும் செபஸ்தியான் பணத்துக்குத் திண்டாடுகிற நேரம். மண்டியில் பார்த்த கணக்குப்பிள்ளை வேலையை விட்டுவிட்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டு மொத்தக் கடைகளின் கணக்கையெல்லாம் வீட்டிலேயே கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுக்கப் போகிறான். எண்பத்தெட்டில் திருச்சியில் கம்ப்யூட்டர் இருந்த இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதற்காக அவன் மனைவி பேட்ரிசியாவின் நகைகள் பேங்க்கில் அடகில் இருந்தன.

கம்ப்யூட்டரை ரெடிமேடாக வாங்க அந்தப் பணம் போதாது. மெட்ராஸிலிருந்து பாகம் பாகமாக வரவழைத்துப் பூட்டிக் கொடுக்கும் நஜிமுதீனைக் கூடத்தில் உட்கார வைத்து, எதைக் கழிக்கலாம் என்று கணவனும் மனைவியும் பேசிக்கொண்டிருந்தார்கள். பாக்கியநாதன் படுத்தபடியே அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கலர் மானிட்டர் வேண்டாம், பச்சை எழுத்து போதும் என்றான் செபஸ்தியான். ஃப்ளாப்பி டிரைவ் இரண்டு எதற்கு, ஒன்று போதாதா என்றாள் பேட்ரிசியா. கீபோர்டு பழசாக இருந்தாலும் பரவாயில்லை என்று முடிவாயிற்று. எல்லாம் கழித்தும் துண்டு விழுந்தது. கடைசியில் ஹார்ட் டிஸ்க்கா, ஏ.சி.யா என்று வந்து நின்றது.

ஹார்ட் டிஸ்க் இல்லாவிட்டால் ஒவ்வொரு கணக்குக்கும் ஃப்ளாப்பியை மாற்றி மாற்றிச் சாக வேண்டும் என்று விளக்கினார் நஜிமுதீன். ஆனாலும் அவரே தீர்ப்பும் சொன்னார்.

"ஹார்ட் டிஸ்க்கை அப்புறம்கூட மாட்டிக்கலாம் சார். ஏ.சி.யில மட்டும் கை வைக்காதீங்க."

பாய்க்கு நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டார் பாக்கியநாதன். கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் மகனைப் பக்கத்தில் கூப்பிட்டார். மனைவியின் கல்லறைக்குப் பக்கத்திலேயே தனக்கும் ஒன்று கட்ட வேண்டும் என்று தபால் ஆபீஸில் அவர் கொஞ்சம் போட்டு வைத்திருந்தார். வீட்டில் யாரும் அதைத் தொட்டதில்லை. அதை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

"எனக்காக நீ ஹார்ட் டிஸ்க்கை விட வேண்டாம்டா. என்னை மண்ணுல வச்சாலும் போதும்."

செபஸ்தியான் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வாசலில் நின்ற பேட்ரிசியா அவனைப் பார்த்தாள். "சரிங்கப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான்.

மூடப்போன ஒரு லாட்ஜிலிருந்து வாங்கிய ஏ.சி. மறுவாரம் சுவரில் ஏறியது. உறுமிக்கொண்டே காற்றை விட்டது. அரை மணி நேரத்தில் அறை ஜில்லென்றாயிற்று. பாக்கியநாதன் இரண்டு தலையணையைத் தள்ளிவிட்டு மல்லாந்து படுத்தார். அப்படிப் படுத்து மூச்சு விட்டு எத்தனையோ காலமாயிற்று.

பக்கத்து வீட்டு இருதயமேரி பார்க்க வந்தாள். வாசலில் கால் துடைக்காமல் அவளை பேட்ரிசியா உள்ளே விடவில்லை. தூசி தன் நெஞ்சுக்கு ஆகாது என்று மருமகளுக்கு எவ்வளவு அக்கறை என்று பூரித்துப்போனார் கிழவர்.

"ஹார்ட் டிஸ்க்கே வேணாம், அப்பாதான் வேணும்னுட்டாம்மா என் பையன்."

இருதயமேரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன் மகன் லால்குடியிலிருந்து எட்டிப் பார்ப்பதுகூட இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று இரவு பாக்கியநாதன் மகனுக்காக ஜெபமாலை முழுவதும் சொன்னார்.

மறுநாள் உச்சி வெயிலில் வாசலில் வேன் வந்து நின்றது. மாடியில் தகரக் கூரை போட்ட அறையை பேட்ரிசியா நாலு நாளாகக் கழுவிச் சுண்ணாம்பு அடித்திருந்தாள். கம்ப்யூட்டர் பெட்டிகளை அத்தனை படி ஏற்ற வேண்டுமே, கீழே போட்டுவிடப் போகிறார்கள் என்று கிழவர் கவலைப்பட்டார்.

நஜிமுதீன் மட்டும் முதலில் அறைக்குள் வந்தார். ஏ.சி.க்கு எதிரே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"பாய், ஹார்ட் டிஸ்க் வந்துடுச்சுங்களா?" என்று பெருமையாகக் கேட்டார் பாக்கியநாதன்.

நஜிமுதீன் செபஸ்தியானைத் திரும்பிப் பார்த்தார். செபஸ்தியான் வேனிலிருந்து இறங்கிய இரண்டு ஆட்களையும் கைகாட்டி உள்ளே அழைத்தான்.

"முதல்ல அப்பாவை மாடிக்குத் தூக்கிடுங்க, அப்புறமா கம்ப்யூட்டரை இந்த ரூமுக்குக் கொண்டு வாங்க."