இன்னொரு ஜோடிக் கண்

“மருந்தைக் கலந்தாச்சுங்கறீங்க. கையில மட்டும் தர மாட்டேங்கறீங்க. என்ன மேடம் இது?”

மருந்தகத்தின் சன்னல் முன் நின்று பதறினாள் நர்ஸ். தீவிர சிகிச்சைப் பிரிவில் அவளுக்கு இன்றுதான் முதல் நாள். இந்த ஆஸ்பத்திரியில் ஒரு முகமும் இன்னும் பழகவில்லை.

உள்ளே தலைமை மருந்தாளுநர் மட்டும்தான் இருந்தாள். அவள் முன்னால் இருந்த தட்டில் சிரிஞ்ச் தயாராகக் கிடந்தது. அதன் மேல் உள்ளங்கையைக் கவிழ்த்திருந்தாள்.

“கலந்தது நான். இன்னொரு பார்மசிஸ்ட் பார்த்துச் சரின்னு சொல்லணும். இந்த மாதிரி மருந்தை ஒருத்தர் கண்ணை மட்டும் நம்பி அனுப்பக் கூடாது.”

“அஞ்சாம் படுக்கைக் குழந்தைக்கு வலிப்பு நிக்கவே மாட்டேங்குது. முதல் ஊசிக்குக் கேக்கல. நான் பார்த்தா ஆகாதா?”

“ஆகாது. ஆள் வந்துட்டிருக்கு.”

அந்த நேரத்தில் அங்கே மூன்று பேர் இருந்திருக்க வேண்டும். ஒருத்தி பிரசவ விடுப்பில் போய்விட்டாள். அவள் இடத்துக்கு ஆள் போடவில்லை. இன்னொருவனை, வெளிநோயாளிகள் கவுன்டரில் கூட்டம் நெரிகிறது என்று, நிர்வாக அதிகாரி காலையில்தான் பக்கத்துக் கட்டடத்துக்குக் கிளப்பிக்கொண்டு போயிருந்தார். “மருந்தகத்துல சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க” என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

தலைமை மருந்தாளுநர் மறுபடி போனை எடுத்தாள். “தம்பி, இன்னும் கிளம்பலையா? கவுன்டரை அப்படியே போட்டுட்டு ஓடி வா. யார் கேட்டாலும் நான் கூப்பிட்டேன்னு சொல்லு.”

அதற்குள் வராந்தாவில் தடதடவென்று காலடிச் சத்தம். வெள்ளைக் கோட்டுடன் ஒரு டாக்டர் சன்னலில் மோதாத குறையாக வந்து நின்றார். கோட்டில் ‘எலும்பு சிகிச்சை’ என்றிருந்தது. எலும்பு டாக்டருக்கு இங்கே என்ன வேலை என்று நர்சுக்குப் புரியவில்லை.

“இன்னும் ஏன் மருந்து போகல?”

“சரிபார்க்கணும், டாக்டர்.”

“நான் பார்க்கறேன். குடுங்க.”

“எழுதினது குழந்தைகள் டாக்டர். நீங்க எலும்பு. மருந்தகம் உங்களுக்குக் கீழ வராது. கண்காணிப்பாளருக்குத்தான் நான் பதில் சொல்லணும்.”

டாக்டரின் நெற்றி நரம்பு புடைத்தது. “நீயெல்லாம் மனுஷிதானா? அங்க ஒரு உயிர் துடிச்சிட்டிருக்கு. யார் யாருக்குக் கீழனு எனக்குப் பாடம் நடத்தறியா நீ?”

எல்லார் காதிலும் விழுகிற மாதிரி ‘நீ’! நர்சுக்குச் சுருக்கென்றது. பெரிய டாக்டர் என்றால் வாய்க்கு வந்தபடி பேசிவிடலாமா? ஆனால் அதைக் கேட்டும் அசையாமல் நின்றவளைப் பார்த்தபோது அவள் மேல்தான் இன்னும் ஆத்திரம் வந்தது. நெஞ்சில் ஈரமே இல்லாதவள்.

டாக்டர் சன்னலுக்குள் கையை நுழைத்தார். அவள் தட்டை வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“தொடாதீங்க!”

அப்போதுதான் முதல் தடவையாக அவள் குரல் பிசிறியது.

பின்கதவு திறந்தது. இளைக்க இளைக்க உள்ளே வந்த மருந்தாளுநர், கையைக் கழுவிக்கொண்டு குழந்தைகள் டாக்டரின் சீட்டை எடுத்தான். படித்தவன் ஒரு கணம் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

“என் மூஞ்சியில என்ன இருக்கு? மருந்தைப் பாரு” என்றாள்.

காலிக் குப்பியை வெளிச்சத்தில் திருப்பினான். மறுபடி சீட்டைப் பார்த்தான். மறுபடி குப்பியை.

“அக்கா...”

“சொல்லு.”

“குப்பி மாறிப் போச்சுக்கா. இது அடர்த்தி கூடினது. பெரியவங்களுக்குப் போடறது. இது உள்ள போயிருந்தா...”

  நர்ஸ் சன்னல் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். டாக்டரின் நீட்டிய கை மெல்லக் கீழே இறங்கியது.

சிரிஞ்சை எடுத்துக் கழிவுப் பெட்டியில் போட்டாள் தலைமை மருந்தாளுநர். “என் கை இன்னைக்கு ஆகாது. நீ கல தம்பி. நான் பார்க்கறேன்.”

அவன் கலந்தான். அவள் குப்பியின் எழுத்தை வாய்விட்டுப் படித்தாள். ஒரு முறை படித்தது போதாமல் அவனையும் படிக்கச் சொன்னாள். பிறகு தட்டை நர்சிடம் நீட்டினாள். “ஓடும்மா.”

நர்ஸ் ஓடினாள். பின்னாலேயே டாக்டரும் ஓடினார்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் திரும்பி வந்தபோது, தலைமை மருந்தாளுநர் அதே இடத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். தம்பி போட்ட நாற்காலியில்கூட உட்கார்ந்திருக்கவில்லை.

“நின்னுடுச்சு மேடம்! வலிப்பு நின்னுடுச்சு! போன்ல சொல்ல மனசு வரல, அதான் வந்தேன். உங்களைப் போய் மனசுக்குள்ள திட்டிட்டேன், மன்னிச்சுடுங்க.”

அவள் நாற்காலியில் சரிந்தாள். 

“லேசாக் கண்ணைத் திறந்து ‘அம்மா’ங்குது, பாவம். பள்ளிக்கூடத்துல இருந்து அப்படியே தூக்கிட்டு வந்திருக்காங்க. அதோட அம்மா எங்கன்னுதான் தேடிட்டிருக்கேன்.”

“தேட வேண்டாம், சிஸ்டர்.”

பின்னால் எலும்பு டாக்டர் நின்றிருந்தார். சன்னலைக் கடந்து போய் மருந்தகத்தின் கதவைத் திறந்தார். நாற்காலியில் இருந்தவளிடம் கையை நீட்டினார்.

“எந்திரி. நம்ம பொண்ணு உன்னைத்தான் கேக்கறா.”